7 தோழிகள், 40 நாற்காலிகள்

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): இன்னும் 5 மாதத்தில் எனக்குத் திருமணம். நெருக்கமானவர்கள் மட்டும் இருக்கும்படி சின்னதாகச் செய்ய வேண்டும் என்பது எங்கள் இருவரின் ஆசை. 40 பேர் உட்காரும் இடம் ஒன்றைப் பேசி முடித்துவிட்டோம். மணப்பெண் தோழிகளாக யாரை நிறுத்துவது என்பதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். கல்லூரித் தோழிகள் 4 பேர், அலுவலகத் தோழி ஒருத்தி, சித்தி மகள், மாப்பிள்ளையின் தங்கை என்று பட்டியலில் 7 பேர். கல்லூரித் தோழிகளில் ஒருத்தி விடுதியில் 3 வருடம் என் அறையில் இருந்தவள். "உன் கல்யாணத்தில் நான்தான் உன் பக்கத்தில் நிற்பேன்" என்று அப்போதே சொல்லி வைத்திருந்தாள். சண்டை எதுவும் இல்லை, ஆனாலும் 2 வருடமாக எங்களுக்குள் பேச்சு நின்றுபோயிற்று. அவளைச் சேர்க்கவும் மனம் வரவில்லை, விடவும் மனம் வரவில்லை. சித்தி மகளை விட்டால் உறவில் பேச்சு வரும் என்கிறார் அம்மா. மாப்பிள்ளை பக்கம் 3 நண்பர்கள் நிற்கிறார்கள். நான் எத்தனை பேரை வைத்துக்கொள்வது? யார் மனமும் நோகாமல் எப்படித் தேர்ந்தெடுப்பது?

அன்புள்ள சகோதரிக்கு,

எத்தனை பேர் என்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர். ஒருத்தி போதும் என்று தோன்றினால் அதுவும் சரிதான். மூன்றைத் தாண்ட வேண்டாம்.

அவர் பக்கம் மூன்று, உங்கள் பக்கம் இரண்டு என்றால் கோணலாகத் தெரியாதா என்று யோசிப்பீர்கள். தெரியாது. நல்ல ஃபோட்டோகிராஃபர் இரு பக்கத்தையும் எண்ணிச் சமமாக நிறுத்த மாட்டார். ஒருவரை அரை அடி முன்னால் விட்டு, இன்னொருவரைத் தோள் மறைய நிறுத்திப் படத்தைச் சரிசெய்துகொள்வார். எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே கடைசி நேரத்தில் ஒருத்தியைச் சேர்த்த திருமணங்களைப் பார்த்திருக்கிறேன். தான் எதற்காக அங்கே நிற்கிறோம் என்பது அந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருந்தது. அன்று முழுக்க அது அவள் முகத்தில் இருந்தது.

ஏன் ஏழு கூடாது? உங்கள் 40 நாற்காலியில் இருந்தே கணக்குப் போடுவோம். ஏழு பேரில் நான்கு பேருக்குத் திருமணமாகியிருந்தால் அவர்களின் கணவர்களோடு 11 இடம். அதில் இரண்டு பேருக்குக் கைக்குழந்தை இருந்தால், அவர்கள் முன்னால் நிற்கும் நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளுக்கொருவர் வருவார்கள். 13 ஆயிற்று. மூன்றில் ஒரு பங்கு இடம் இதிலேயே போய்விட்டது, இன்னும் தாத்தா பாட்டியைக்கூட நாம் எண்ணவில்லை. அப்புறம் முன்னால் நிற்பவர்களை எண்ணுங்கள். நீங்கள் இருவர், 7 தோழிகள், 3 தோழர்கள் என்று 12 பேர். எதிரே உட்கார்ந்து பார்க்க 28 பேர்தான் மிச்சம். சின்னத் திருமணத்தின் அழகே எல்லோரும் உங்கள் இருவரின் முகத்தைப் பக்கத்தில் இருந்து பார்ப்பதுதான். நடுவில் ஒரு வரிசை ஆட்கள் வந்து நின்றால் அது போய்விடும்.

காலை நேரத்தையும் பாருங்கள். தலை வாரி மேக்கப் போட்டு முடிக்க ஒருவருக்கு 45 நிமிடம் என்றே வைத்துக்கொள்வோம். ஏழு பேருக்கு 5 மணி நேரம் 15 நிமிடம். உங்களுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். ஒரே ஒருவர் இதைச் செய்தால் மொத்தம் 7 மணி நேரம். சடங்கு காலை 10 மணிக்கு, 9 மணிக்கு எல்லோரும் தயாராக இருக்க வேண்டும் என்றால் அதிகாலை 2 மணிக்கு முதல் ஆள் நாற்காலியில் உட்கார வேண்டும். இரண்டு பேர் என்றால் 5:45-க்கு ஆரம்பித்தால் போதும். திருமணத்துக்கு முந்தைய இரவு நீங்கள் கொஞ்சம் தூங்க வேண்டும் என்று நான் உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

தோழிகள் கூடிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. 1840-ல் விக்டோரியா அரசியின் திருமணத்தில் 12 தோழிகள் அவருடைய ஆடையின் நீண்ட பின்முனையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அந்தத் துணி 12 பேர் பிடிக்கும் அளவுக்கு நீளமாக இல்லை, ஒருவர் காலை ஒருவர் இடித்துக்கொண்டும் ஆடையை மிதித்துக்கொண்டும் தட்டுத்தடுமாறி நடந்தோம் என்று அவர்களில் ஒருவரே பிறகு எழுதி வைத்திருக்கிறார். அரண்மனையில் ஏற்பாட்டுக்கு ஆள் குறைவா என்ன? பிடிக்கத் துணி இருக்கும் அளவுக்குத்தான் கைகள் வேண்டும்.

சரி, யாரை என்ற கேள்விக்கு வருகிறேன்.

தோழிகளைத் தேர்ந்தெடுக்க உட்காரும் பெண்கள் பெரும்பாலும் ஒரே தவறைச் செய்கிறார்கள். தங்கள் நட்புகளுக்கு மதிப்பெண் போடத் தொடங்கிவிடுகிறார்கள். யார் அதிக வருடம் பழக்கம், யார் திருமணத்தில் நான் நின்றேன், யார் எனக்கு எவ்வளவு செய்தாள். இப்படிப் போட்டால் கணக்கு முடியவே முடியாது. நீங்கள் 7 பேரில் வந்து நிற்பதும் அதனால்தான். தோழியாக நிற்பது ஒரு வேலை. அன்றைய தினத்துக்கு உரிய, கொஞ்சம் கடினமான வேலை. அந்த வேலைக்கு யார் சரி என்று கேட்டால் பட்டியல் தானாகவே சுருங்கும்.

அந்த வேலை என்ன என்பதை ஒரு காட்சியாகச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் நான் ஒருங்கிணைத்துக் கொடுத்த திருமணம் அது. மணப்பெண்ணுக்கு 6 தோழிகள், எல்லோரும் நல்ல பெண்கள். அலங்கார அறையில் ஒரே கலகலப்பு. சடங்குக்கு 20 நிமிடம் இருக்கும்போது நேரம் சொல்லலாம் என்று நான் உள்ளே போனேன். ஆறு பேரும் ஜன்னல் வெளிச்சத்தில் நின்று ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். மணப்பெண் நாற்காலியில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு காய்ந்திருந்தது. அதிகாலையில் இருந்து தண்ணீர் குடிக்கவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. விருந்தாளியாக மட்டும் வந்திருந்த ஒரு பெண் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். மணப்பெண்ணின் முகத்தை ஒரு நொடி பார்த்தவள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். ஒரு தம்ளரில் தண்ணீர் எடுத்து, உதட்டுச் சாயம் கலையாமல் இருக்க ஸ்ட்ராவைப் போட்டு வாயருகில் பிடித்தாள். பிறகு தரையில் மண்டியிட்டாள். மணப்பெண்ணின் செருப்பு வார் கணுக்காலை அறுத்துச் சிவந்திருந்தது. வாரை ஒரு துளை தளர்த்தி, பஞ்சைக் கிள்ளி உள்ளே வைத்தாள். அப்போதுதான் அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கியது. இவள் டிஷ்யூவை மடித்துக் கண்ணுக்குக் கீழே ஒற்றி எடுத்தாள், துடைக்கவில்லை. துடைத்தால் மை பரவிவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மொத்தம் 5 நிமிடம் ஆகியிருக்கும். மறுபடி கதவைத் திறந்துவிட்டுத் தன் நாற்காலிக்குப் போய்விட்டாள்.

அந்த ஆறு பேர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அன்று தோழியாக இருந்தவள் ஏழாவது பெண்தான்.

நம் பழைய அகப்பாடல்களில் தலைவியின் தோழிக்கு ஒரு பெரிய கடமை உண்டு. அதற்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர். தலைவி தானே வாய் திறந்து சொல்ல முடியாத காதலை, தக்க நேரம் பார்த்துச் செவிலித்தாயிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லி, அவள் விரும்பியவனோடு மணம் நடக்க வழி செய்வது. உங்களால் சொல்ல முடியாததைப் புரிந்துகொண்டு, சொல்ல வேண்டிய இடத்தில் சொல்பவள். "அவளுக்குக் கொஞ்சம் தனியாக இருக்க வேண்டும், பத்து நிமிடம் எல்லோரும் வெளியே இருங்கள்" என்று உங்கள் மாமியாரிடமும் மரியாதை குறையாமல் சொல்லக்கூடியவள். உங்கள் பட்டியலில் அப்படி யார்?

இன்னும் நேராகவே கேட்கிறேன். திருமண நாள் காலை 5:45, தூக்கம் போதவில்லை, ஆடையின் முதுகுப் பக்க ஜிப் பாதியில் நின்றுவிட்டது, வெளியே அம்மாவும் அப்பாவும் ஏதோ வாக்குவாதம். அந்த நேரத்தில் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருபவள் யாராக இருந்தால் உங்களுக்கு மூச்சு சீராகும்? யோசிக்காமல் மனதில் வந்த முதல் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் இரண்டாவது. அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்தப் பெயர் பட்டியலில் இல்லாதவருடையதாகக்கூட இருக்கலாம். அது உங்கள் தம்பியாகவோ கல்லூரி நண்பனாகவோ இருந்தால், அலங்கார அறைக்கு வேறு ஒருவரை வைத்துக்கொண்டு, சடங்கில் அவரையே பக்கத்தில் நிறுத்துங்கள். இப்போது பல திருமணங்களில் அப்படி நடக்கிறது.

முதல் பெயர் எழுதியதும் உடனே கேட்டுவிடாதீர்கள். அவளுடைய நிலைமையையும் பாருங்கள். விடுப்பு கிடைக்குமா, உடல்நிலை எப்படி, கையில் செலவுக்கு இருக்கிறதா. கேட்கும்போது மறுப்பதற்கு வழி விட்டுக் கேளுங்கள். "நீ என் பக்கத்தில் நிற்பாயா? இப்போதே சொல்ல வேண்டாம், ஒரு வாரம் கழித்துச் சொல்லு. முடியாது என்றாலும் நீ எனக்கு அதே ஆள்தான்." கேக், பரிசுப்பெட்டி, வீடியோ என்று வைத்துக் கேட்டால் அவளால் வேண்டாம் என்று சொல்லவே முடியாது. உடைச் செலவு யாருடையது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். என் அபிப்பிராயம், இன்ன துணி, இன்ன தையல் என்று நீங்கள் தீர்மானித்தால் காசு நீங்கள் கொடுக்க வேண்டும். நிறத்தை மட்டும் சொல்லி மற்றதை அவர்களிடம் விட்டால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஒரே துணிதான் வேண்டும் என்றால் இருவருக்கும் ஒரே நேரத்தில், ஒரே சுருளில் இருந்து வெட்டி வாங்குங்கள். அதே நிறம்தானே என்று இரண்டு வாரம் கழித்து வாங்கினால் வேறு சாயத் தொகுதியாக இருக்கும். கடை விளக்கில் ஒன்றுபோலத் தெரிந்தது வெயிலில் இரண்டாகத் தெரியும்.

அம்மா சொன்னதைப் பற்றி. சித்தி மகளை விட்டால் பேச்சு வரும் என்கிறார். கொஞ்சம் வரலாம், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அம்மாவிடம் ஒரு நாள் நிதானமாக உட்கார்ந்து, "அவள் முன்னால் நிற்பது வேண்டுமா, இல்லை நாம் அவளை மறக்கவில்லை என்று சித்திக்குத் தெரிவது வேண்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டாவதுதான் பதிலாக வரும். அதற்கு நீங்களே சித்தியிடம் நேரில் போய்ச் சொல்வதைவிடப் பெரிய மரியாதை இல்லை. "சித்தி, தோழிகளாக ரெண்டு பேரைத்தான் நிறுத்தப் போறேன், சொந்தத்துல யாரையும் நிறுத்தல. அவ முதல் வரிசையில உங்களோட உட்காரணும்." சொந்தத்தில் யாரையும் நிறுத்தவில்லை என்பது இங்கே முக்கியம். ஒருத்தியை நிறுத்தி இன்னொருத்தியை விட்டால்தான் அது காயம்.

விருந்தினர் பட்டியலுக்கும் இதே விதிதான். அத்தை, மாமா, சித்தப்பா பிள்ளைகள் என்று ஒரு வட்டத்தை எடுத்தால் அந்த வட்டம் முழுவதும் வரட்டும், அல்லது முழுவதும் வேண்டாம். ஐந்து பேரில் மூன்று பேரை அழைத்தால் விடுபட்ட இரண்டு பேருக்கும் அது வாழ்நாள் கதை. இடம் இருந்தால் பார்க்கலாம் என்று இரண்டாம் பட்டியல் வைத்துக்கொள்வதும் வேண்டாம். பத்து நாள் முன்பு அழைப்பு வந்தால் யாருக்கும் விஷயம் புரிந்துவிடும்.

40 என்ற எண்ணைக் கண்டு நீங்கள் தயங்க வேண்டியதே இல்லை. பிரிட்டிஷ் மானுடவியலாளர் ராபின் டன்பார் 1990-களில் இருந்து சொல்லி வரும் ஒரு கணக்கு உண்டு. ஒரு மனிதரால் நிலையாகப் பேணக்கூடிய உறவுகள் ஏறக்குறைய 150, அதற்குள்ளே நல்ல நட்புகள் 50, நெருக்கமானவர்கள் 15, உயிருக்கு உயிரானவர்கள் 5 என்று வட்டத்துக்குள் வட்டமாக இருக்கிறதாம். எல்லா ஆய்வாளர்களும் இதை ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் என் தொழிலில் இது ரொம்ப உதவுகிறது. உங்கள் 15, அவருடைய 15, அவர்களில் சிலரின் துணை என்று போட்டால் ஏறத்தாழ 40 வந்துவிடும். அதனால் நீங்கள் யாரையும் கழித்துக் கழித்து 40-க்கு வரப் பார்க்காதீர்கள். வெள்ளைத் தாளில் நடுவில் இருந்து வெளியே எழுதிக்கொண்டு போங்கள். 40 வந்ததும் பேனாவை வையுங்கள். அழைக்காதவர்களில் முக்கியமானவர்களுக்குத் திருமணத்துக்கு முன்பே நீங்கள் இருவரும் ஃபோனில் சொல்லிவிடுங்கள், திருமணம் முடிந்து ஒரு மாதத்துக்குள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அவருடைய தங்கை விஷயத்தில் பேச வேண்டியவர் நீங்கள் இல்லை, அவர். அண்ணன் வாயில் இருந்து வந்தால் அது வீட்டு முடிவாக இருக்கும், உங்கள் வாயில் இருந்து வந்தால் வரப்போகும் அண்ணி தன்னை ஒதுக்கியதாகிவிடும். அவளுக்கு ஒரு நல்ல இடம் இருக்கிறது. திருமணப் பதிவில் சாட்சியாகக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

இதை ஆறுதல் பரிசாகச் சொல்லவில்லை. திருமணத்தில் சாட்சியின் இடம் மிகப் பழையது, மிகக் கனமானது. பண்டைய ரோமில் ஒரு வகைத் திருமணத்துக்கு 10 சாட்சிகள் வேண்டியிருந்தது. ஐரோப்பாவில் ரகசியமாக மணந்துவிட்டுப் பிறகு இல்லை என்று கைவிரித்த வழக்குகள் பெருகியதால்தான், கத்தோலிக்கத் திருச்சபை 1563-ல் திரெந்துப் பொதுச்சங்கம் என்ற ஆயர்கள் கூட்டத்தில், பங்குக் குருவோடு (அந்தப் பகுதித் தேவாலயத்தின் குரு) 2 அல்லது 3 சாட்சிகளும் இருந்தால்தான் திருமணம் செல்லும் என்று விதித்தது. பின்னால் ஒரு நாள் யாராவது கேட்டால் "ஆமாம், நான் பார்த்தேன்" என்று சொல்ல ஆள் வேண்டும், அவ்வளவுதான். இன்றும் பல நாட்டுச் சட்டங்கள் சாட்சிகளைக் கேட்கின்றன, பெரும்பாலும் 2 பேர், சில சட்டங்களில் 3 பேர். உங்கள் பதிவு அலுவலகத்தில் எத்தனை பேர், என்ன வயது, என்ன அடையாள அட்டை என்று இப்போதே கேட்டு வையுங்கள். அடையாள அட்டையில் பெயர் எப்படி இருக்கிறதோ அதே எழுத்துகளில் எழுதச் சொல்லுங்கள். ஃபோட்டோ ஆல்பம் அலமாரிக்குப் போய்விடும், அந்தப் பதிவேட்டில் அவள் பெயர் இருக்கும்.

தேர்ந்தெடுத்த இருவருக்கும் வேலையைப் பிரித்துக் கொடுங்கள். ஒருத்தி உங்களோடு, ஒருத்தி வெளி விஷயங்களோடு. உங்களோடு இருப்பவளிடம் ஒரு சின்னப் பை: ஊக்கு, ஊசி நூல் (உங்கள் ஆடை நிறத்தில்), பஞ்சு, டிஷ்யூ, ஸ்ட்ரா, தலைவலி மாத்திரை, நீங்கள் வழக்கமாகப் போடும் மருந்து. வெளியே இருப்பவளிடம் உங்கள் ஃபோன். அன்று உங்கள் ஃபோன் உங்கள் கையில் இருக்கக் கூடாது. வழி தெரியவில்லை, வண்டி எங்கே நிறுத்துவது என்று வரும் அழைப்புகளை அவள் பார்த்துக்கொள்வாள். குடும்பப் படங்களுக்கான வரிசையையும் அவளிடம் எழுதிக் கொடுங்கள். ஒவ்வொரு குழுவையும் கூப்பிட்டு நிறுத்தி எடுத்து அனுப்ப 3 நிமிடம் ஆகும், 10 குழு என்றால் அரை மணி. யார் பெயரைக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்த ஒருத்தி பக்கத்தில் இருந்தால் இந்த அரை மணி ஒரு மணி ஆகாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தோழிகள் இருவரும் காலையில் ஏதாவது சாப்பிட்டே ஆக வேண்டும், நீங்களும்தான். வெறும் வயிற்றோடு, முழங்காலை விறைப்பாக வைத்துக்கொண்டு வெகுநேரம் அசையாமல் நின்றால் ரத்தம் காலில் தேங்கி, மூளைக்குப் போவது குறைந்து, திடீரென்று மயக்கம் வரும். கெண்டைச் சதை அசைந்தால்தான் ரத்தம் மேலே ஏறும். முழங்காலைக் கொஞ்சம் தளர்வாக வையுங்கள், எடையைக் கால் மாற்றிக் கால் போடுங்கள், குதிகாலை லேசாக உயர்த்தி இறக்குங்கள். நீண்ட உடைக்குள் யாருக்கும் தெரியாது. கண் இருட்டுவதுபோல் இருந்தால் வெட்கப்படாமல் உடனே உட்கார்ந்துவிட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இப்போது உங்கள் அறைத்தோழி.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மற்ற ஆறு பேருக்கும் ஆளுக்கு ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அவளுக்கு ஒன்றரைப் பக்கம். விடுதியில் மின்சாரம் போன இரவுகள், உங்களுக்குக் காய்ச்சல் வந்தபோது அவள் தேர்வுக்குப் படிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது, அவளுடைய பச்சை நிற ஸ்வெட்டர். சேர்க்க மனமில்லை என்று எழுதிய அதே பக்கத்தில் அந்த ஸ்வெட்டரும் இருக்கிறது. அவளை வேண்டாம் என்று நீங்கள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அவள் இப்போது எப்படி இருக்கிறாள் என்று உங்களுக்குத் தெரியாது, அதுதான் உங்களை அலைக்கழிக்கிறது.

சண்டை இல்லாமல் இரண்டு வருடம் பேச்சு நின்றால் பெரும்பாலும் அதற்கு ஒரு காரணம் இருக்கும். வேலை போயிருக்கலாம், வீட்டில் யாருக்காவது உடல்நிலை சரியில்லாமல் இருக்கலாம், அவளும் நீங்கள் கூப்பிடட்டும் என்று காத்திருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளாமல் இவளை வைப்பதா விடுவதா என்று முடிவு செய்யாதீர்கள். ஆகவே மற்ற யாரிடமும் தோழி விஷயத்தை வாயே திறக்காமல், முதலில் அவளுக்கு ஃபோன் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம், குரல் கேட்க வேண்டும். அவளுக்கு ஓய்வாக இருக்கும் ஒரு நேரத்தில். எடுத்ததும் திருமணப் பேச்சை ஆரம்பிக்காதீர்கள். "எப்படி இருக்கே? ரெண்டு வருஷம் ஆச்சு, நான் கூப்பிட்டிருக்கணும்" என்று உங்கள் பக்கத்துத் தவறில் இருந்து தொடங்குங்கள். பிறகு அவள் பேசட்டும். நடுவில் அமைதி வந்தால் அதை நிரப்ப அவசரப்பட வேண்டாம்.

அந்தப் பேச்சு முடிந்து ஃபோனை வைக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும். காலை 5:45 கேள்வியை மறுபடி கேட்டுப் பாருங்கள். அவள் பெயர் வந்தால் இரண்டில் ஒன்று அவளுக்கு. இரண்டு வருட இடைவெளியை யாருக்கும் நீங்கள் விளக்க வேண்டியதில்லை.

வரவில்லை என்றால், சில நாள் கழித்து இன்னொரு முறை கூப்பிட்டு நீங்களே சொல்லுங்கள். பொதுத் தோழி ஒருத்தி வழியாகவோ, குரூப்பில் வந்த ஃபோட்டோவைப் பார்த்தோ அவள் தெரிந்துகொள்ளக் கூடாது. இடம் சின்னது, அம்மா சொன்னார் என்று வேறு காரணம் தேடாதீர்கள். மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தவளுக்கு உங்கள் குரல் தெரியும். இப்படிச் சொல்லலாம்: "அன்னிக்கு நாம பேசினது எனக்கு ஞாபகம் இருக்கு, மறக்கல. இப்போ என்கூட தினமும் இருக்கிற ரெண்டு பேரைப் பக்கத்துல நிறுத்தப் போறேன். உன்கிட்ட நானே சொல்லணும்னு தோணுச்சு. நீ வரணும். முதல் வரிசையில நான் திரும்பினா தெரியற இடத்துல உனக்கு ஒரு நாற்காலி வச்சிருக்கேன்."

அவள் அழலாம். கோபப்படலாம். "பரவாயில்லைடி" என்று சட்டென்று வைத்துவிடவும் செய்யலாம். உடனே மனம் இளகி "சரி, நீயும் நில்லு" என்று மாற்றிச் சொல்லிவிடாதீர்கள், அது அவளுக்கும் மரியாதையில்லை. இரண்டு நாள் விட்டு மறுபடி கூப்பிடுங்கள். அந்த நாற்காலியில் அவள் பெயரை எழுதி வையுங்கள், வருவாளா மாட்டாளா என்று தெரிவதற்கு முன்பே. கடைசி நிமிடத்தில் வேறு யாருக்கும் அதைக் கொடுக்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் திருமண ஒருங்கிணைப்பாளர்